ஏட்டைப் போற்றுவதா, எழுத்தைப் போற்றுவதா?

அறிவைப் பரப்புவதற்கென்றே ஆக்கப்பட்ட ஒரு பொருள், எவருக்கும் பயன்படாமல் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படுவதனால் விலை ஏறுமாயின், அந்த விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? இக்கேள்வி வெறும் வாதத்திற்காக எழுந்ததன்று. ரிங்லெட் கடைத்தெருவில் ஒரு மாலை தேநீர் அருந்திக் கொண்டிருக்கையில் நண்பர் ஒருவர் நம்மிடம் ஒரு செய்தி சொன்னார். ஆல்பிரட் ரசல் வாலேஸ் என்னும் ஆங்கில இயற்கை நூல் அறிஞர் எழுதிய 'மலாய்த் தீவுக் கூட்டம்' என்ற பிரயாண நூலின் முதற்பதிப்பு, பழம் புத்தக வியாபாரிகளிடம் இன்று பல்லாயிரம் ரிங்கிட் விலை பெறுகிறது என்பதே அச்செய்தி. சொல்லிவிட்டு, "கிராணி ஐயா, அந்தக் காலத்துத் துரைமார் விட்டுப்போன பழைய அலமாரி ஏதாவது ஒன்றில் அந்தப் புத்தகம் நம் கையில் அகப்பட்டால் வைத்துக் கொள்வீர்களா, விற்பீர்களா?" என்று கேட்டார். நாம் சிரித்துக் கொண்டே, "விற்று, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாசகசாலை வைத்து விடலாம்" என்றோம். வீடு திரும்பிய பின்னர், அத்தனை எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடத்தக்க வழக்குத்தானா அது என்ற ஐயம் நம்மைப் பிடித்துக் கொண்டது. அவ்வையத்தை நேயர்கள் முன்னிலையில் ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்நூல் யாது என்பதைச் சுருங்கக் கூறுவோம். வாலேஸ் 1823-ஆம் ஆண்டில் பிறந்தவர். செல்வக் குடியினரல்லர், பதினான்கு வயதளவில் பள்ளிப் படிப்பை நிறுத்தி, நில அளவைத் தொழிலில் இறங்கியவர். 1854-இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, மலாக்காவையும், அக்காலத்தில் ஓபிர் மலை எனப்பட்ட குனோங் லெடாங்கையும் கண்டு, போர்னியோ, ஜாவா, செலிபிஸ், மொலுக்கஸ், நியூகினி எனத் தீவு தீவாக 1862 வரை எட்டு ஆண்டுகள் அலைந்தார். ஏறத்தாழ 14,000 மைல் பிரயாணம்; சேர்த்த உயிரினங்கள் 125,660. இவற்றில் பறவைகள் 8,050. வண்டுகள் மட்டும் 83,200. இப்பிரயாணத்தின் நடுவில்தான், 1858-இல், இயற்கைத் தேர்வினால் உயிரினங்கள் மாறுபடுகின்றன என்னும் கொள்கை டார்வினைப் போலவே இவருக்கும் தனியே தோன்றியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இருவருடைய கட்டுரைகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. பின்னர், 1869-இல் மாக்மில்லன் கம்பெனியார் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூலே 'மலாய்த் தீவுக் கூட்டம்'. அதனை வாலேஸ் டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

இனி விலையைப் பற்றிப் பேசுவோம். அந்நூலின் சொற்கள் இன்று எவருடைய தனிச் சொத்தும் அல்ல. பதிப்புரிமை காலாவதியாகிப் பல்லாண்டுகள் ஆயின. கைபேசி வைத்திருக்கும் எவரும் ஒரு காசும் கொடாமல் முழு நூலையும் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை படிக்கலாம். நாமும் அவ்வாறே படித்தோம். ஆகவே முதற்பதிப்புக்குப் பல்லாயிரம் கொடுப்பவர் அதிலுள்ள அறிவுக்கு விலை கொடுக்கவில்லை என்பது வெளிப்படை. காகிதத்திற்கும், பைண்டுக்கும், பிறரிடம் இல்லாதது தம்மிடம் உண்டு என்னும் மனத்திருப்திக்குமே கொடுக்கிறார். படித்தால் முதுகு மடங்கும், தாளில் விரல் அழுக்குப் படியும், விலை குறையும். எனவே அதனை வாங்கியவர் அதனைப் படிக்கவும் அஞ்சுவார்!

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆண்டுக்கொரு நாள் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் பூசி, பூச்சூட்டி, கற்பூரம் காட்டி, அன்றைக்கு அவற்றைத் திறந்து படிக்கலாகாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டன்றோ? மற்ற நாட்களிலும் படிக்காத வீடுகளில் அந்தப் பூசை மட்டும் தவறுவதில்லை. அதனை மூடவழக்கம் என்று நாம் பல மேடைகளிலே கண்டித்திருக்கிறோம். அப்படியானால், கண்ணாடிப் பெட்டியில் முதற்பதிப்பை வைத்து, வந்தவருக்கெல்லாம் தூரத்தில் நிறுத்திக் காட்டும் சீமானுடைய செயலை மட்டும் நாகரிகம் என்று அழைப்பது நியாயமாகுமா? கற்பூரம் இல்லை என்பதொன்றே வேறுபாடு.

நிற்க. இவ்வளவோடு முடித்து விட்டால் நம்முடைய வாதம் ஒருபக்கச் சார்புடையதாய் விடும். பழம் பதிப்பைக் காப்பதே வீண் என்று கூறுவோமாயின், அது தமிழருக்கே பெருந்தீங்காய் முடியும். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள ஒரு சிறு நூல். இன்று அறியப்பட்டுள்ள அதன் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் நூல்நிலையத்தில் இருக்கிறது. அந்தப் பதினாறு பக்கங்களும் மக்கிப் போயிருக்குமானால், பதினாறாம் நூற்றாண்டிலேயே தமிழ் அச்சேறியது என்பதற்குரிய கண்கூடான சான்று ஒன்றை நாம் இழந்திருப்போம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஒரு தனி மனிதர், கைப்பொருளைச் செலவிட்டுத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டு வெளியீடுகளையுங்கூடத் தேடிச் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின், சிக்காகோ சர்வகலாசாலையார் அத்தொகுப்பை வாங்கி, கடல் கடத்திச் செல்லாமல் சென்னையிலேயே 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தினர். மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். வேறெங்கும் படியில்லாத ஏடுகளை எவர் எழுப்ப வல்லார்? அச்சாம்பலை நினைக்குந்தோறும், பழைய ஏட்டைப் பாதுகாப்பவன் வீணன் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

அப்படியானால் கோட்டையூர் முத்தையாவுக்கும் கண்ணாடிப் பெட்டிச் சீமானுக்கும் வேற்றுமை யாது? இருவரும் பழம் நூல்களைச் சேர்த்தவரே. இருவரும் அவற்றை அழியாமல் காத்தவரே. ஒருவர் சேர்த்தது பிறர் வந்து படிக்கும் வழிக்கு வந்தது; மற்றவர் சேர்த்தது பிறர் படிக்க இயலாமையினாலேயே மதிப்புப் பெறுகிறது. ஆகவே குற்றம் பாதுகாப்பில் இல்லை; பூட்டில் இருக்கிறது. ஊர்க் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது குழந்தைகள் விழாமலிருக்க. அச்சுவரில் கதவு வைத்துப் பூட்டுவது மற்றவர் குடியாமலிருக்க. இரண்டும் சுவர்தான். கிணற்றிலிருந்து விலக்கப்பட்டவர்களின் வழி வந்த நமக்கு இந்த வேற்றுமையை விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் ஆழமான வேறொரு கேள்வி உண்டு. அந்நூல் உண்மையில் யாருடையது? முகப்பில் வாலேஸ் பெயர் இருக்கிறது. உள்ளே படித்தால், அலி என்னும் மலாய் இளைஞன் ஒருவன் பக்கத்துக்குப் பக்கம் வந்து போகிறான். 1855-இல் சராவாக்கில் வாலேசிடம் வேலைக்கு அமர்ந்தவன் அவன். சமையல் செய்தான், மலாய் மொழி பழக உதவினான், பின்னர்ப் பறவை சுடவும், சிறகு கெடாமல் தோல் உரித்துப் பதப்படுத்தவும் கற்றுக் கொண்டு, அவ்வேலையில் தலையாயவனானான். வாலேஸ் கொண்டு சென்ற பறவைகளில் பெரும்பகுதி அலியின் கைவழி வந்தவையாக இருக்க வேண்டும் என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1858-இல் பாச்சான் தீவில், மார்பில் பச்சை ஒளியும் தோள்களில் நீண்ட வெள்ளைச் சிறகுகளும் உடைய, அதுவரை எந்த ஐரோப்பிய அறிஞரும் அறியாத ஒரு சுவர்க்கப் பறவையை அலியே முதலில் பிடித்து வந்து வாலேசிடம் காட்டினான். அடுத்த ஆண்டு லண்டன் கண்காட்சிசாலை அறிஞர் அப்பறவைக்குப் பெயரிட்டார். என்ன பெயர்? வாலேசின் பெயர்! அலியின் கை பிடித்தது. வாலேசின் பெயர் ஒட்டிக் கொண்டது.

இதில் வாலேசை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. அவர் அலியை மறைத்தவரல்லர். பறவையைக் கொண்டு வந்தவன் அலியே என்று அவரே தம் நூலில் எழுதி வைத்திராவிட்டால், இன்று நாம் இதனை அறிந்திருக்கவே மாட்டோம். 1862-இல் பிரிந்தபோது பணமும் துப்பாக்கிகளும் தட்டுமுட்டுகளும் அவனுக்குக் கொடுத்தார். சிங்கப்பூரில் அவனைப் புகைப்படம் எடுப்பித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படத்தைப் போற்றி வைத்திருந்து, 1905-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அச்சிட்டார். அக்காலத்து வெள்ளையர் எத்தனை பேர் தம் வேலையாளுக்கு இவ்வளவு செய்தனர்? ஆயினும் ஒருவருடைய நல்ல குணத்தினால் ஒரு முறையின் குறை மறைந்து விடாது. அறிவு நூலுக்கு உழைப்பவர் பலர், உரியவர் ஒருவர் என்பதே அம்முறை. அலியின் பெயர் நூலுக்குள் நிற்கிறது, முகப்புக்கு வரவில்லை.

நம் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் காமிரன் என்னும் நில அளவையாளர் இம்மலைநாட்டுக்கு வந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. உடன் வந்து காட்டில் துணை நின்ற குலோப் ரியாவின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அவர்கள் வருமுன்பே இக்காட்டின் ஒவ்வோர் ஆற்றையும் அறிந்திருந்த செமாய் மக்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்? நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். வாலேசையும் காமிரனையும் அங்கே கேள்விப்பட்டோம். அலியையும் குலோப் ரியாவையும் அங்கே கேள்விப்படவில்லை. கேள்விப்படவில்லையே என்று அக்காலத்தில் நமக்குத் தோன்றவுமில்லை. அதுதான் வெட்கத்துக்குரியது.

பெயர் எழுதுவது நம் தொழில். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் புள்ளி வைத்து, கொழுந்தின் எடையைப் பெயருக்கு நேரே பதிகிறோம். அப்பதிவேட்டில் பெயர்கள் உண்டு. ஆனால் மாதம் முடிந்து சம்பளம் கொடுத்தபின் அப்பெயர்களை யார் படிக்கப் போகிறார்? காடு வெட்டித் தேயிலை நட்ட தமிழர் பலரின் பெயர்கள் இப்படிப்பட்ட ஏடுகளிலேதான் ஒருகாலத்தில் இருந்தன. வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து இன்று கொழுந்தெடுப்பவர்களின் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. பழைய செக்ரோல் ஒன்று கரையான் அரித்துக் கிடந்தால் அதற்கு ஐந்து காசு கொடுப்பாரில்லை. வாலேசின் முதற்பதிப்பு அரியது என்றால், ஒரே ஒரு பிரதியாக எழுதப்பட்டு, மறுபதிப்பே காணாத அந்தச் செக்ரோல் அதனினும் அரியதன்றோ? அரியது என்பதனாலேயே விலை ஏறுவதில்லை. யாருடைய நினைவை அரியதென்று உலகம் ஒப்புக் கொள்கிறதோ, அவருடைய ஏட்டுக்கே விலை ஏறுகிறது. சந்தை விலையை அறத்தின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இனி, அந்நூலைப் பூசிக்காமல் படிப்பதனால் விளையும் பயன் யாது என்பதையும் கூற வேண்டும். நூலின் இறுதியில் வாலேஸ் தம் நாட்டாரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். சட்டமும் நீதிமன்றமும் இல்லாத மக்களிடையே, ஒருவர் உரிமையை ஒருவர் மதித்து வாழும் சமத்துவத்தைத் தாம் கண்டதாகவும், செல்வம் குவிந்த இங்கிலாந்திலோ வறுமையும் குற்றமும் உடன் பெருகியிருப்பதாகவும், ஒழுக்கத்தில் அந்நாகரிகம் முன்னேறவில்லை என்றும் வாதிக்கிறார். பிற்காலத்தில் நிலம் பொதுவுடைமையாக வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அவர். இதனைப் படிக்கும்போது நம் உள்ளம் மகிழ்கிறது.

ஆனால் அதே நூலில் வேறோரிடத்தில், ஜாவாவிலும் மெனாடோவிலும் டச்சுக்காரர் மக்களைக் காப்பி பயிரிடச் செய்து, அரசாங்கம் குறித்த விலைக்கே கொள்ளும் முறையை அவர் புகழ்கிறார். குழந்தைகளைத் தந்தை அடக்கி வளர்ப்பது போன்றது அது என்பது அவர் கருத்து. அம்முறையின் கொடுமைகளை 1860-இல் 'மாக்ஸ் ஹவெலார்' என்னும் டச்சு நாவல் அம்பலப்படுத்தியது. அதனையும் அவர் சலிப்பூட்டும் கதை என்று ஒதுக்குகிறார். தோட்டத்து மக்களாகிய நாம் இதனைப் படித்துவிட்டு எப்படி வாளாவிருப்பது? தந்தை தன் மகன் விளைத்ததைத் தானே விலை குறித்துக் கொள்வானா? சிங்கப்பூரைப் பற்றி எழுதுமிடத்தில் நம்மவரைக் 'கிளிங்' என்னும் பெயரால் குறித்து, மேற்கு இந்தியர் என்றும் எழுதி விடுகிறார். வண்டின் காலில் உள்ள மயிரைக் கூட எண்ணி வேறுபடுத்திய கண், சோழமண்டலக் கரை எத்திசையில் உள்ளது என்று பார்க்கவில்லை!

பெரியவர்களும் பிழை செய்வர். அவர்களுடைய உண்மையை ஏற்று, பிழையை மறுப்பதே பகுத்தறிவு. இரண்டுக்கும் முதல் வேலை படிப்பதுதான். பூட்டிய நூலைப் புகழலாம், பூசிக்கலாம், விற்கலாம். மறுக்க மட்டும் இயலாது. மறுக்க இயலாத இடத்தில் மதிப்பும் உண்மையான மதிப்பாகாது.

வாலேசின் வாழ்விலிருந்தே ஒரு செய்தி கூறி முடிவுக்கு வருவோம். 1844-இல் லெஸ்டர் நகரில் சிறு சம்பளத்துக்கு வாத்தியார் வேலை பார்த்த அவ்விளைஞர், ஓய்வு நேரங்களில் அந்நகர நூலகத்தில் அமர்ந்து படித்தார். மக்கட்பெருக்கத்தைப் பற்றி மால்தஸ் எழுதிய நூலை அங்கேதான் படித்தார். பின்னர்த் தம்முடன் அமேசான் காட்டுக்கு வந்த பேட்ஸ் என்பவரைச் சந்தித்ததும் அந்நகரிலேதான். பதினான்கு ஆண்டுகள் கழித்து, மொலுக்கஸ் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருக்கையில், அன்று படித்த மால்தஸ் நினைவுக்கு வந்து, இயற்கைத் தேர்வுக் கொள்கை அவருள்ளத்தில் உதித்தது. லெஸ்டரில் அவர் கைக்கு வந்த பிரதி எந்தப் பதிப்பு, அதன் சந்தை விலை என்ன என்று எவரேனும் கேட்பரா? அது ஒரு மேசைமேல் கிடந்தது, ஏழை இளைஞன் ஒருவன் கைக்கு எட்டியது, அவ்வளவே. பள்ளிப் படிப்பு முற்றுப்பெறாத ஒருவரை உலகறிந்த அறிஞராக்கியதில் அந்த மேசைக்கும் பங்குண்டு.

ஆகவே நண்பருடைய கேள்விக்கு நாம் இப்போது கூறும் விடை இது. முதலாவது, துரை வீட்டு அலமாரியில் அகப்படும் நூல் நம்முடையதன்று. அதற்கு உரியவரைக் கேட்காமல் விற்பதும் வைத்துக் கொள்வதும் களவே. அன்று கடையில் அமர்ந்து இதனை மறந்தே பேசினோம். வாசகசாலை என்னும் நல்ல பெயர், களவைக் கழுவி விடாது. இரண்டாவது, நமக்கே உரிமையாகக் கிடைத்தால், அதிக விலை கொடுத்துப் பூட்டி வைப்பவரை விட, குறைந்த விலைக்கேனும் வாங்கி எல்லார்க்கும் காட்டக்கூடிய பொது நூலகத்துக்கே கொடுக்க வேண்டும். கிடைக்கும் பணம் குறையும். பிள்ளைகளின் வாசகசாலையில் இரண்டு அலமாரிக்குப் பதில் ஒன்றே அமையும். அவ்வளவு நட்டத்தை ஏற்க மனமில்லையாயின், நாமும் அறிவைப் பூட்டுபவருக்குத் துணைபோனவராவோம்.

மூன்றாவதே தலையாயது. வாசகசாலை வைக்க அப்புதையல் நமக்கு எதற்கு? புதையல் கிடைத்தால் தருமம் செய்வேன் என்பவன் கிடைத்தாலும் செய்யான். முதற்பதிப்புக்குத்தான் பல்லாயிரம் வேண்டும், நூலுக்கு வேண்டியதில்லை. ஒரு பழைய மேசை, நான்கு பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம், ஆங்கிலம் படித்தவர் ஒருவர் உட்கார்ந்து தமிழிலே எடுத்துச் சொல்லும் மனம், இவ்வளவே வேண்டும். அந்த மனம் நம்மிடம் இதுகாறும் இருக்கவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறோம். ஆங்கிலக் கல்வியை நாமும் ஒரு முதற்பதிப்பைப் போலவே இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தோம்.

வரும் ஞாயிறு முதல் நம் வீட்டுத் திண்ணையிலேனும் தொடங்க எண்ணியிருக்கிறோம். தீவுகளின் பெயரோ டார்வினின் கொள்கையோ முதற் பாடமாக இராது. வெள்ளைச் சிறகுள்ள ஒரு பறவையைப் பிடித்துக் கொண்டு காட்டிலிருந்து ஓடி வந்த அலி என்னும் வேலைக்காரப் பையனுடைய கதையை முதலிற் சொல்வோம். கேட்டபின், "அந்தப் பறவைக்கு ஏன் அவன் பெயரை வைக்கவில்லை?" என்று தோட்டத்துப் பிள்ளை ஒன்று கேட்குமாயின், வாலேசின் நூல் இம்மலையில் அன்றுதான் திறக்கப்பட்டது என்று கொள்வோம். மற்றத் தோட்டங்களிலுள்ள படித்த அன்பர்களும் தத்தம் திண்ணையில் இதனைச் செய்து பார்ப்பார்களாக.